ஊமை வாத்தியாரும் ஒரு டேப் ரெக்கார்டரும்

போன மாதம் தர்மபுரியில் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்றால் குத்துவிளக்கு ஏற்றவும் பொன்னாடை வாங்கிக்கொள்ளவும் தோதாக இருப்பார் என்று நினைத்திருப்பார்கள். நான் போனபோது உள்ளே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. செல்போன் வழியாகப் பாடம் நடத்துவதென்றால், குறித்த நேரத்தில் எல்லோரையும் வரவழைத்து நேரலையாக நடத்துவதா, இல்லை பாடத்தைப் பதிவு செய்து அனுப்பிவிட்டு அவரவர் வசதிக்குப் படிக்க விடுவதா என்பதுதான் வழக்கு.

"நேரலைன்னா பாதிப் பசங்களுக்கு நெட்டு கெடைக்கறதில்லீங்க" என்றது ஒரு கட்சி. "பதிவு பண்ணிக் குடுத்தா ஒருத்தனும் தெறந்தே பாக்கறதில்லீங்க" என்றது மற்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த இளம் ஆசிரியை ஒருவர், "ஏங்க சார் சிரிக்கிறீங்க?" என்றார், கொஞ்சம் கோபமாகவே. இந்தச் சண்டையை எண்பதுகளிலேயே இதே மாவட்டத்தில் போட்டு முடித்தாயிற்று அம்மா, அதில் நான் ஊமையாக வேலை பார்த்தேன் என்றேன். பொன்னாடையைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டு நிலக்கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்க வேண்டும் என்பது என் அப்பாவின் வேதவாக்கு. அதனால் முதியோர் கல்வித் திட்டம் ஒன்றில் தற்காலிக வேலை என்று கடிதம் வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பதவியின் பெயர் கருவிப் பொறுப்பாளர்.

திட்ட அலுவலர் பெயர் சபாபதி. ஒல்லியான மனிதர், மெல்லிய குரல், எந்நேரமும் இஸ்திரி கலையாத சட்டை. எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. டீக்கடைக்குப் போனால் ஒரு டீயும் ஒரு காபியும் வாங்கி, அதில் ஒரு வாய் இதில் ஒரு வாய் குடித்து, "இன்று டீ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு காபியை அப்படியே வைத்துவிடுவார். இட்லியில் பாதியைச் சட்னியோடும் பாதியை வெறுமனேயும் தின்பார். அப்படிப்பட்டவர் கையில் சர்க்கார் ஒரு கல்வித் திட்டத்தைக் கொடுத்தால் சும்மா விடுவாரா?

திட்டம் இதுதான். சில ஊர்களுக்கு ரேடியோ. தினமும் சாயங்காலம் வானொலியில் எழுத்தறிவுப் பாடம் வரும், எல்லோரும் அந்த நேரத்துக்கு வந்து கேட்க வேண்டும். வேறு சில ஊர்களுக்கு டேப் ரெக்கார்டர். அதே பாடங்கள் கேசட்டில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம், நிறுத்தலாம், திருப்பலாம். இரண்டில் எது எழுத்தைச் சீக்கிரம் ஏற்றுகிறது என்று பார்த்து மேலிடத்துக்கு எழுத வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பயிற்சி என்று ஒரே ஒரு நாள் எங்களை உட்கார வைத்தபோது, சபாபதி சார் ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது."

பொறுப்பாளர் வாய் திறந்து ஒரு சொல் விளக்கினாலும், படித்தவர் கருவியால் படித்தாரா ஆளால் படித்தாரா என்று தெரியாமல் போய்விடுமாம், ஒப்பீடு கெட்டுவிடுமாம். "வகுப்புக்கு வெளியிலே பேசலாமாங்க சார்?" என்று கேட்டேன். "டீக்கடையில் நின்று நீர் 'அம்மா' என்று சொன்னால்கூட அது கல்விதான். ஊர் எல்லைக்குள் பேச்சே கிடையாது" என்றார். ஒழுங்காக வாய் மூடி இருப்பவர்களுக்குத் திட்டம் முடிந்ததும் நிரந்தர ஆசிரியர் வேலைக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு மட்டும் வாயை மூடினால்தான் பிழைப்பு என்று விதி.

எனக்குக் கிடைத்தது டேப் ரெக்கார்டர். ஊர், பாப்பாரப்பட்டியைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூர். முக்கால்வாசி விவசாயம் பார்க்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள், மீதி எங்களைப் போன்ற இந்துக்கள். மாதா கோவிலை ஒட்டியிருந்த கடலைக் கிடங்குதான் வகுப்பு.

வேலையின் முறையைச் சொல்லிவிடுகிறேன். கிடங்கைப் பெருக்க வேண்டும். முக்காலியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட வேண்டும், சுவரோடு ஒட்டினால் எதிரொலிக்கும். பாட்டரி கட்டைகளை வெளியே எடுத்து வெயிலில் காய வைத்து மறுபடி போட வேண்டும். அப்படிச் செய்தால் உயிர் கூடும் என்று எல்லோரும் நம்பினோம். கேசட் நாடா தொளதொளவென்று இருந்தால் பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுழற்றி இறுக்க வேண்டும். பிறகு பொத்தானை அமுக்கிவிட்டு, கைகட்டி, வாய் பொத்தி, கிடங்கின் மூலையில் உட்கார வேண்டும். இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி படித்ததெல்லாம் அந்த மூலையில் உட்காருவதற்குத்தான்.

முதல் நாளே ஒருவர் என் பெயரைக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே டேப் ரெக்கார்டரைக் காட்டினேன். இரண்டாம் நாள் ஊர் எது என்று கேட்டார்கள். அதற்கும் சிரித்தேன். மூன்றாம் நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. சவேரியம்மா என்ற வயதான அம்மா, நான் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்: "பாவம், நல்லா வளத்தியா லச்சணமா இருக்கறாரு. வாயிதான் இல்ல. சர்க்காரு பாரேன், ஊமைக்கெல்லாம் வேல குடுக்குது."

மறுநாளிலிருந்து எல்லோரும் என்னிடம் கையை ஆட்டி, தொண்டை கிழியக் கத்திப் பேசினார்கள். ஊமை என்றால் செவிடும் கூட என்று கணக்கு. சிலர் அதற்கு நேர்மாறாக, இவரிடம் சொன்னால் வெளியே போகாது என்று மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினார்கள். பங்குச் சாமியாரிடம் சொல்லாத பாவங்கள்கூட என்னிடம் வந்து சேர்ந்தன. நான் இந்து என்பதை அவர்களிடம் சொல்லவும் எனக்கு வாய் இல்லை. சவேரியம்மா என் பேச்சுக்காக மாதாவுக்கு என் உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார்.

படிப்பு எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம் என்று சொல்லியிருந்தோம் அல்லவா? அதனால் யாரும் நேரத்துக்கு வரவில்லை. முதலில் வந்தவருக்காகப் போடுவேன். மாடு கட்டிவிட்டு வந்தவருக்காகத் திருப்புவேன். சோறாக்கிவிட்டு வந்தவருக்காக மறுபடி திருப்புவேன். முதலில் வந்தவர் சலித்துப்போய் வீட்டுக்குப் போயிருப்பார், மறுநாள் விட்ட இடம் வேண்டும் என்பார். மாதக்கணக்கில் மூன்றாம் பாடத்தைத் தாண்டவே இல்லை. மூன்றாம் பாடத்தில் பாடம் படித்தவருக்கு ஓர் இருமல் வரும். "மழை பெய்தது. ஏரி நிரம்பியது." பிறகு "க்ஹும்" என்று ஓர் இருமல். "மாரி ஏர் பூட்டினான்." அந்த இருமல் இன்றும் என் காதில் இருக்கிறது.

ரேடியோ கட்சி நம்மைவிட மேல் என்று நினைக்க வேண்டாம். இண்டூரில் என் நண்பன் முனிராஜ் பொறுப்பாளர். அங்கே ரேடியோ அக்கா, "எங்கே, நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, "மிகவும் நன்றாகச் சொன்னீர்கள்!" என்பார். ஒரு விவசாயி எழுந்தே போய்விட்டாராம். "நானு வாயவே தெறக்கல, நல்லா சொன்னீங்கங்குது. பொய் சொல்ற பொம்பள கிட்ட என்னாத்தப் படிக்கறது?" என்று கேட்டிருக்கிறார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா?

பிறகு பெரிய தலைவர் ஒருவர் மறைந்தபோது வானொலியில் நாள் முழுக்கச் சோக வாத்தியம். பாட நேரத்துக்கு வந்தவர்கள் அதையும் பாடம் என்று நினைத்துப் பவ்யமாக உட்கார்ந்திருந்தார்கள். முனிராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பாடம் இல்லீங்க, வூட்டுக்குப் போங்க" என்றிருக்கிறான். செய்தி எப்படியோ சபாபதி சார் காதுக்குப் போய்விட்டது. வாய்மொழியாகப் போதனை செய்தார் என்று அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் ஆரோக்கியமேரி. சவேரியம்மாவின் மருமகள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் சமையல் வேலை காலியாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே வேலை என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். இன்னும் மூன்று மாதத்தில் நேரில் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஊமையிடம் சொல்கிற தைரியத்தில் என்னிடம் சொன்னாள்.

"இந்த வேல கெடச்சா இங்கியே இருந்துக்குவனுங்க. இல்லன்னா அவரு வந்து மூட்டயக் கட்டுன்னுடுவாரு. பெங்களூர்ல சித்தாளு வேலதான். நானு கல்லு மண்ணு சொமந்துக்குவன், அதப்பத்தி இல்லீங்க. பாப்பா ரெண்டாவது படிக்குது. அங்க போனா பள்ளிக்கூடம் ஏது? மணல் மேட்டுலதான் கெடக்கும்." சொல்லிக்கொண்டே அழுதாள். நான் தலையை ஆட்டினேன். அதைத் தவிர எனக்கு அனுமதி இல்லை.

அவள் ஒருத்திதான் ஒழுங்காக வந்தவள். யாருக்காகத் திருப்பிப் போட்டாலும் உட்கார்ந்து கேட்டாள். சபாபதி சார் பார்வையிட வந்த அன்று திட்டத்தில் கொடுத்திருந்த பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்து, மூன்றாம் பாடத்தைத் தண்ணீர்பட்ட பாடாகப் படித்துக் காட்டினாள். அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "இண்டூரில் ஒருவர் வாய் திறக்கவில்லை. இங்கே பாருங்கள்! இந்த அம்மாவைத்தான் மேலிடத்துக்குக் காட்டப் போகிறேன்" என்று சொல்லி, என்னைப் பார்த்து உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினார். அது அவருடைய சல்யூட்.

ஆனால் மூலையில் இருந்த நான் ஒன்றைக் கவனித்தேன். "ஏரி நிரம்பியது" என்று படித்துவிட்டு அவள் லேசாக இருமினாள். பிறகுதான் "மாரி ஏர் பூட்டினான்". அதோடு, புத்தகத்தில் இரண்டு தாள் சேர்ந்து புரண்டிருந்தது. அவள் விரல் வைத்து வாசித்த பக்கத்தில் மாரியும் இல்லை, ஏரும் இல்லை. சுத்தமான குடிநீரைப் பற்றிய பாடம் அது.

ஒரு எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. கேசட்டை இருமலோடு சேர்த்து விழுங்கியிருந்தாள். அது அவளுக்கே தெரியாது என்பதுதான் பரிதாபம். வாசிப்பது என்றால் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு மனதில் இருப்பதைச் சொல்வது என்று நினைத்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவளுக்கு வேறு எப்படித் தெரியும்? "இனிமே எனக்குக் கவலையில்லீங்க" என்று என்னிடம் கையாட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். ஒன்றிய அலுவலகத்தில் ஏதாவது ஒரு பத்திரிகையைக் கொடுத்துப் படி என்பார்கள். அங்கேயும் மாரி ஏர் பூட்டுவான், அவள் பெங்களூருக்கு மூட்டை கட்டுவாள்.

மறுநாள் காலையிலேயே அவர்கள் வீட்டுக்குப் போனேன். விதியை மீறாமல் சைகையிலேயே சொல்லிவிடப் பார்த்தேன். புத்தகத்தைக் காட்டினேன், தலையில் தட்டிக்கொண்டேன், வாயிலிருந்து எதையோ எடுத்துத் தூர எறிவதுபோலச் செய்தேன், இரண்டு கையாலும் இல்லை இல்லை என்று ஆட்டினேன். ஆரோக்கியமேரி பயந்துபோய், "அத்த, வாத்தியாருக்கு வாந்தி வருதாட்டம் இருக்குது" என்றாள். சவேரியம்மா ஒரு சொம்பு நிறைய ஓமத் தண்ணீர் கொண்டுவந்து என் வாயில் ஊற்ற வந்தார். வாசலில் அந்தச் சின்னப் பெண் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. சபாபதி சார் மேலா, டேப் ரெக்கார்டர் மேலா, ஓமத் தண்ணீர் மேலா, அதுவும் தெரியாது.

"ஆயா, ஓமத் தண்ணி வேண்டாம்! ஆரோக்கியமேரி, அது படிப்பு இல்லம்மா, மனப்பாடம்!" என்று கத்திவிட்டேன்.

சொம்பு கீழே விழுந்தது. சவேரியம்மா அப்படியே மண்டியிட்டு, "மாதாவே! தாயே! வாயக் குடுத்துட்டியே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆயா, எந்திரிங்க. நான் ஊமை இல்லீங்க. பேசக் கூடாதுன்னு ஆபீசுல சொல்லியிருக்காங்க."

"சாமி, பொய் சொல்லாதீங்க. எந்தச் சர்க்காராச்சும் வாத்தியாரப் புடிச்சு, போயி பாடம் நடத்து, ஆனா பேசாதன்னு சொல்லுமா? மாதா செஞ்சத மறைக்கக் கூடாது, பாவம்."

யோசித்துப் பார்த்தால் இரண்டில் அற்புதம்தான் நம்பும்படியாக இருந்தது.

ஆரோக்கியமேரி மட்டும் நான் சொன்னதை நம்பினாள். அவள் முகம் சிவந்துபோயிற்று. "அப்ப காது கேட்டுச்சு, வாயும் இருந்துச்சு. நானு எங்கூட்டு சங்கதியெல்லாம் சொல்லி அழுதனே, அப்பவும் கல்லாட்டம் ஒக்காந்திருந்தீங்களே!" என்றாள். பிறகு புத்தகத்தை விரித்து, சரியான பக்கமா என்று என்னிடம் காட்டி, "எங்க, இப்பச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து காலையில் அவர்கள் வீட்டுக் களத்தில் பாடம். புத்தகத்தைத் தொடவே விடவில்லை. தொட்டால் கேசட் ஓட ஆரம்பித்துவிடும். கடலைமாவு கட்டி வந்த பொட்டலக் காகிதம், தீப்பெட்டி அட்டை, உரமூட்டை, பஸ்ஸின் பெயர்ப் பலகை, இவைதான் பாடநூல். வேகமாகப் போனால் "நில்லுங்க" என்பாள், நிற்பேன். ஒரு நாள் "இந்த 'ழ' மட்டும் ஏனுங்க இப்பிடிச் சுழிச்சிக்கிட்டு கெடக்குது?" என்று கேட்டாள். யோசித்துவிட்டு, "தெரியாதும்மா" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "டேப்பு ஒரு நாளும் தெரியாதுன்னு சொன்னதே இல்லீங்க" என்றாள்.

சாயங்காலம் மறுபடியும் கிடங்கு மூலையில் வாய் மூடி உட்கார்ந்துகொள்வேன். விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் எதற்காகவோ எல்லோரும் என்னிடம் பழையபடி கையை ஆட்டியே பேசினார்கள்.

கடைசிப் பார்வைக்கு சபாபதி சார் வந்தார். கிடங்கில் எல்லோரையும் உட்கார வைத்து, மெல்லிய குரலில் கேட்டார்: "இவர் எப்போதாவது உங்களிடம் பேசினாரா? உண்மையைச் சொல்ல வேண்டும்."

முனிராஜ் சொன்னது ஒரு வாக்கியம். நான் பேசியதோ ஊரறிந்த சங்கதி. அற்புதத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்த சவேரியம்மா வாயைத் திறந்தார். ஆரோக்கியமேரி அவர் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தாள். கிழவி மாதா கோவில் பக்கம் ஒரு பார்வை பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார்: "அவரு எங்கீங்க சார் பேசறது? பொறவி ஊமைங்க அவரு."

"ஆமாங்க, ஊமைங்க" என்றது ஊர் மொத்தமும்.

சபாபதி சார் திகைத்துப்போனார். பயிற்சி நாளில் என்னோடு பேசியவர் அல்லவா அவர். சட்டென்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஊரே ஊமை என்று நம்பும் அளவுக்கு ஒரு மனிதன் விதியைக் காத்திருக்கிறான்! என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பேசாதீர், ஒன்றும் பேசாதீர்" என்றார். நானும் பேசவில்லை.

ஒன்றிய அலுவலகத்தில் ஆரோக்கியமேரிக்கு அன்றைய செய்தித்தாளைக் கொடுத்தார்கள். நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன், சபாபதி சார் அதிகாரிகளோடு உள்ளே இருந்தார். அவள் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, தத்தித் தத்தித்தான் படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி படித்தாள். இருமல் வரவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"பரவாயில்லையே. யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க ஊமை வாத்தியாருங்க" என்றாள்.

அறையே சிரித்தது. சபாபதி சார் மட்டும் பெருமையாகத் தலையாட்டி, "பாருங்கள், பொத்தானை அமுக்கியவருக்குக்கூட நன்றி சொல்கிறார்" என்றார்.

அவளுக்கு வேலை கிடைத்தது. கேசட்டே சிறந்தது, ஆள் துணை அவசியமே இல்லை என்று சபாபதி சார் மேலிடத்துக்கு எழுதினார். அடுத்த வருடம் எல்லா ஊருக்கும் டேப் ரெக்கார்டர் வந்தது, பொறுப்பாளர் வேலை எடுபட்டது. இப்படியாக நான் சொல்லிக்கொடுத்தது என் வேலைக்கே உலை வைத்தது. ஆனால் சிபாரிசு விஷயத்தில் அவர் சொன்ன சொல் தவறவில்லை. நிரந்தர ஆசிரியர் வேலை எனக்கு வந்தது. ஓய்வுபெறும் வரை வகுப்பில் நான் வாய் ஓய்ந்ததில்லை என்று என் மாணவர்கள் சொல்வார்கள். முன்னே மூடி வைத்திருந்ததை எல்லாம் வட்டியோடு தீர்த்தேன்.

வேலையில் சேருவதற்கு முன்னால் மெழுகுவத்தி பாக்கிக்காக ஒருமுறை அந்த ஊருக்குப் போனேன். நேர்ந்துகொண்டவர் சவேரியம்மா, உயரம் என்னுடையது, தூக்கிப் பிடிக்க நானே போக வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். ஏற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்துப் பக்கம் போனேன். புதிய டேப் ரெக்கார்டர் புளிப் பானைக்குப் பக்கத்தில் அலமாரியில் பத்திரமாக இருந்தது, மேலே அப்பளத்தைக் காய வைத்திருந்தார்கள். ஆரோக்கியமேரி உலை வைத்துவிட்டு, சமையலுக்கு உதவியாக வந்த பெண்ணை அரிசி மூட்டை முன்னால் உட்கார வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நின்றதை அவர்கள் பார்க்கவில்லை.

அந்தப் பெண் மூட்டையின் மேல் விரலை வைத்து ஏதோ கேட்டாள்.

"அது எனக்கும் தெரீலடி" என்றாள் ஆரோக்கியமேரி. "இரு, ஊமை வாத்தியாரு வந்தா கேட்டுக்கலாம்."